மாட்டுத் தோலால் ஆற்றைக் கட்ட முடியுமா?

குடமுருட்டிக்கரை:
கொரிய சீரியல் பார்த்ததிலிருந்து ஒரு சந்தேகம். 1018 குளிர்காலத்தில் வடக்கே ஆண்ட கித்தான் இனத்தாரின் லியாவ் பேரரசுப் படை ஒரு லட்சம் பேரோடு கோரியோ நாட்டுக்குள் (அன்றைய கொரியா) இறங்குகிறது. கோரியோவின் எழுபது வயதுத் தளபதி காங் காம் சான், ஹுங்ஹ்வாஜின் கோட்டைக்குக் கிழக்கே ஓடிய ஆற்றை, மாட்டுத் தோல்களைக் கயிற்றில் கோத்து அடைத்து, எதிரி வந்ததும் திறந்துவிட்டாராம். நம்ம ஊரில் உடைப்புக்குப் போடும் மணல் மூட்டையே அடித்துக்கொண்டு போகிறது. தோல் நிற்குமா?

பழைய லஸ்கர்:
தம்பி, முப்பத்தோரு வருஷம் ஷட்டர் ஏத்தி இறக்கினவன் சொல்றேன். நீங்க ஐப்பசி வெள்ளத்தை மனசுல வச்சுக் கேக்குறீங்க. அவங்க பக்கம் குளிர்காலத்துல ஆறு ஒடுங்கித்தான் ஓடும். நாம கோடையில வாய்க்கால்ல கொரம்பு போடுறோமே, மூங்கில் முளை அடிச்சு, தழை, வைக்கோல் செருகி, சேறு அப்பி, அதுக்கே முழங்கால் தண்ணி இடுப்புக்கு வந்துடும். நடுவுல ஒரு முளையைப் பிடுங்கினா மிச்சம் தானா போயிடும். ஒரு தடவை அப்படிப் பிடுங்கி என் செருப்பு, மண்வெட்டி ரெண்டும் போச்சு. தோல்னா ஒழுகாத தழை, அவ்வளவுதான். பாரமெல்லாம் கயிறு மேல.

ஆனா லட்சம் பேரையும் தண்ணி முழுங்கிடுச்சுன்னு நம்பாதீங்க. காங் காம் சானோட 12,000 குதிரைவீரங்க மலையிடுக்குல பதுங்கியிருந்தாங்க. தண்ணி கலைச்சுவிட்டுது, வெட்டினது அவங்க.

திருவையாறு வாத்தியார்:
லஸ்கர் ஐயா சொன்னது சரி. பலர் இதைக் குவிஜு சண்டையோடு போட்டுக் குழப்புகிறார்கள். அது 1019-இல், ஊர் திரும்பிக்கொண்டிருந்த படையை வெட்டவெளியில் மறித்தது. இரு பக்கமும் சமமாக நின்றபோது தெற்கிலிருந்து காற்றும் மழையும் திரும்பி, கொடிகள் வடக்கே பறந்தன. கித்தான்களில் வீடு சேர்ந்தது சில ஆயிரம் பேர். நம்ம பெரிய கோயிலுக்குக் கலசம் ஏறிய 1010-இல்தான் அவர்களின் இரண்டாம் படையெடுப்பு. அடுத்த வருடமே கோரியோவின் தலைநகர் கேகியோங் எரிந்தது. சரணடையலாம் என்று மற்றவர்கள் சொன்னபோது, மன்னரைத் தெற்கே போகச் சொன்னவரும் இதே காங் காம் சான்.

குடமுருட்டிக்கரை:
நன்றி ஐயா. திறக்கிறது எப்படி? யாராவது ஆற்றில் இறங்க வேண்டாமா?

பழைய லஸ்கர்:
நானா இருந்தா கரையில கட்டின முடிச்சை அரிவாளால ஒரு போடு. நடுவுல இறங்க மாட்டேன் தம்பி, செருப்பு போனதே போதும்.