வாசலிலேயே நின்று தண்ணீர் குடித்துவிட்டுப் போன மோர்மன் பையன்கள், இதைத் தப்பாக எடுத்துக்கொள்ளலாமா?

மேசாவாசி:

அரிசோனாவில் மேசாவுக்கு வந்து எட்டு மாதம் ஆகிறது. எங்கள் அபார்ட்மென்டில் பாதிக்கு மேல் மெக்சிகோக்காரர்கள், பெரும்பாலும் சொனோரா பக்கம். போன செவ்வாய்க்கிழமை மத்தியானம், வெளியே 43 டிகிரி, வெள்ளைச் சட்டையும் டையும் ஹெல்மெட்டுமாக, மோர்மன் என்கிற கிறிஸ்தவச் சபையின் ஊழியத்துக்கு வந்த இரண்டு பையன்கள் சைக்கிளைச் சாய்த்துவிட்டு மாடிப்படி நிழலில் நின்றிருந்தார்கள். நெஞ்சில் கறுப்புப் பட்டை, அதில் ஸ்பானிஷில் சபையின் பெயர், 'எல்டர்' என்று போட்டுக் குடும்பப் பெயர். எல்டர் என்றால் பெரியவர்தானே? அதில் ஒரு பெரியவருக்கு மீசையே சரியாக முளைக்கவில்லை, முகம் தக்காளி மாதிரி சிவந்திருந்தது.

பார்க்கப் பாவமாக இருந்ததால் உள்ளே வந்து உட்காருங்கள், டீ போடுகிறேன் என்றேன். மூத்தவன், உங்கள் கணவர் இருக்கிறாரா என்று கேட்டான். வேலைக்குப் போயிருக்கிறார் என்றதும் "அப்படியானால் நாங்கள் இங்கேயே நிற்கிறோம்" என்று இரண்டடி பின்னால் போய்விட்டான். டீயும் வேண்டாமாம். தண்ணீர் மட்டும் ஆளுக்கு இரண்டு டம்ளர் குடித்துவிட்டு, நன்றி சொல்லிவிட்டுப் போய்விட்டார்கள்.

எனக்கு முகத்தில் அடித்த மாதிரி ஆகிவிட்டது. பாட்டி ஊரில் யார் யாரை வாசலோடு நிறுத்தினார்கள் என்று பார்த்து வளர்ந்தவள் நான். படியேற மாட்டேன், உங்கள் வீட்டு டீயும் வேண்டாம் என்றால் எனக்கு வேறு எதுவும் தோன்றுவதற்கு முன்னால் அதுதான் தோன்றும்.

பக்கத்து வீட்டு அம்மாவிடம் சொன்னேன் (அவர் மகள்தான் எங்களுக்கு மொழிபெயர்ப்பாளர்). அவர் சிரிக்கிறார். சின்னவன் வந்து ஒரு வாரம்தான் ஆகிறதாம், ஸ்பானிஷ் தடுமாறுகிறதாம். களைப்பாக இருக்கிறது என்று சொல்ல நினைத்து 'கன்சாதோ'வுக்குப் பதில் 'கசாதோ' என்றிருக்கிறான், அதாவது எனக்குக் கல்யாணம் ஆகிவிட்டது என்று. அவர் வீட்டில் மட்டும் அவன் பெயர் இப்போது மாப்பிள்ளை.

சனிக்கிழமை கணவர் இருக்கும்போது சாப்பிடக் கூப்பிடலாமா என்று யோசிக்கிறேன். என்ன கொடுக்கலாம், என்ன கூடாது? உட்கார்ந்ததும் பிரசங்கம் ஆரம்பிப்பார்களா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

உப்பேரி:

யூட்டாவில் பன்னிரண்டு வருடமாக இருக்கிறேன், ஆபீசில் பாதிப் பேர் இவர்கள்தான். நீங்கள் நினைத்தது மாதிரி இல்லை. வீட்டில் பெண் மட்டும் இருந்தால் அந்தப் பையன்கள் உள்ளே போகக் கூடாது, வளர்ந்த ஆண் ஒருவராவது கூட இருக்க வேண்டும். விதி அப்படி, அதை மீறுவது பெரிய விஷயம். டீ, காபி, மது, புகையிலை நான்கும் அவர்களுக்கு விலக்கு. நீங்கள் யாராக இருந்தாலும், நம்ம ஊர் டீயாக இருந்தாலும், மெக்சிகோ அம்மா பட்டை போட்டுக் கொதிக்கவைத்த பானைக் காபியாக இருந்தாலும் இதே பதில்தான். மூலிகைக் கஷாயம் பரவாயில்லை.

பையன்கள் 18 வயதிலிருந்து இரண்டு வருடம் இந்த ஊழியத்துக்குப் போவார்கள். எந்த ஊர், எந்த மொழி என்று அவர்கள் தேர்ந்தெடுக்க முடியாது, கடிதம் வந்தால்தான் தெரியும். சம்பளம் கிடையாது, மாதம் 500 டாலர் வீட்டிலிருந்தோ சொந்தச் சேமிப்பிலிருந்தோ கட்ட வேண்டும். தனியாக எங்கேயும் போகக் கூடாது, ஜோடிதான். காலை ஆறரைக்கு எழுந்து இரவு பத்தரைக்குப் படுக்கை.

மேசாவில் இருக்கிறீர்கள் என்பதால் ஒரு உபரித் தகவல்: அங்கே இருக்கும் அவர்களுடைய கோயில் 1927இல் திறந்தது. ஆங்கிலம் தவிர வேறு மொழியில் அவர்கள் கோயில் சடங்கு முதல்முதலில் நடந்தது அங்கேதான், 1945இல், ஸ்பானிஷில். ஆக அந்த ஊருக்கு ஸ்பானிஷ் பேசும் எல்டர் ஒன்றும் புதிதில்லை, இந்தப் பையனுக்குத்தான் எல்லாம் புதிது.

கோவைக்காரன்:

அக்கா, நானே அந்தக் கறுப்புப் பட்டையைப் போட்டவன், அதனால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். அப்பாவும் அம்மாவும் கோவையில் இருக்கும்போதே சபையில் சேர்ந்தவர்கள், எனக்கு ஒன்பது வயதில் கலிஃபோர்னியா வந்தோம். 2015இல் எனக்கு 19 வயதில் கடிதம் வந்தது: டெக்சஸில் மெக்காலன், மொழி ஸ்பானிஷ்.

யூட்டாவில் ப்ரோவோ என்ற ஊரில் ஆறு வாரம் பயிற்சி. சொல்லிக்கொடுப்பவர்கள் பெரும்பாலும் இதே மாதிரி போய்வந்த காலேஜ் பையன்கள், பெண்கள். முதலில் கற்றுக்கொடுப்பது ஜெபம். ஸ்பானிஷில் கடவுளைக் கூப்பிட 'தூ', அதாவது நீ. வெளியாட்களுக்கு 'உஸ்தெத்', நீங்கள். நம் ஊரில் முருகனை வா என்று கூப்பிட்டுவிட்டுப் பக்கத்து வீட்டு மாமாவை வாங்க என்கிறோமே, அதே கணக்கு (தமிழ் பைபிளில் 'நீர்' வரும், அது தனி ரகம்). ஆறு வாரமும் கூட்டத்தில் ஜெபம், சாப்பாட்டுக்கு முன் ஜெபம், படுக்கும் முன் ஜெபம் என்று 'தூ' நாக்கில் ஒட்டிக்கொண்டது.

மெக்காலன் பக்கத்தில் ஃபார் என்று ஒரு ஊர், அங்கேதான் முதல் வாரம். என்னைப் பழக்குவதற்கு வந்தவன் ஐடஹோக்காரன், சோளக்கதிர் நிறத்தில் முடி, ஸ்பானிஷ் தண்ணீர் மாதிரி ஓடும். கதவைத் திறக்கிறவர்கள் எல்லாரும் என் நிறத்தைப் பார்த்து என்னிடம்தான் படபடவென்று பேசுவார்கள், நான் விழிப்பேன், பதில் அவனிடமிருந்து வரும். ஒருவர் நீ மெக்சிகோவில் வேராக்ரூஸா என்று கேட்டார். இந்தியா என்றேன். அங்கே இந்தியாக்காரன் யாராக இருந்தாலும் 'இந்தூ'தான், மதம் எதுவானாலும். நான் கிறிஸ்தவன் என்றால், அப்படியானால் கிறிஸ்தவ இந்துவா என்பார்கள். இதை விளக்குகிற அளவுக்கு என்னிடம் வினைச்சொல் இல்லை.

மூன்றாம் நாள் எண்பது வயதுப் பாட்டி ஒருவர் வீட்டில் சாப்பாடு. உட்கார்ந்ததும் மனப்பாடம் செய்த வாக்கியத்தை எடுத்துவிட்டேன்: நீ எப்படி இருக்கிறாய், உனக்கு எத்தனை பேரப்பிள்ளைகள். அவர் மகள் அடுப்படியில் கரண்டியோடு குனிந்து குனிந்து சிரிக்கிறாள். பாட்டி கோபப்படவில்லை. கல்லிலிருந்து எடுத்த கோதுமை டார்ட்டியாவை என் தட்டில் போட்டு, ஒவ்வொரு எழுத்தாக "உஸ்தெத், மிஹோ" என்றார், நீங்கள் என்று சொல்லணும்டா கண்ணு என்கிற மாதிரி. சப்பாத்திதான் அது, அச்சு அசல். ஆறு சாப்பிட்டேன். அன்றைக்கு ராத்திரி குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன், கூட இருப்பவனுக்குக் கேட்கக் கூடாது என்று. வீட்டுக்குப் போன் செய்ய அப்போது வருடத்துக்கு இரண்டே நாள்தான், கிறிஸ்துமஸும் அன்னையர் தினமும். மற்றபடி வாரம் ஒரு மின்னஞ்சல். 2019இலிருந்து வாரம் ஒருமுறை பேசலாம் என்று ஆக்கிவிட்டார்கள், உங்கள் வீட்டு மாப்பிள்ளைக்கு அந்த அதிர்ஷ்டம் உண்டு.

தாராளமாகக் கூப்பிடுங்கள். சாப்பாடு மட்டும்தான், பாடம் வேண்டாம் என்று கூப்பிடும்போதே சொல்லிவிடுங்கள், வருத்தப்பட மாட்டார்கள். காரம் மட்டும் பார்த்துப் போடுங்கள்.

சிடுமூஞ்சி:

எல்லாரும் இப்படி உருகினால் எப்படி? வருவது மதம் மாற்ற, அதை மறக்க வேண்டாம். கறுப்பர்களுக்கு 1978 வரை குருத்துவம் கொடுக்காத சபை இது. மெக்சிகோக்காரர்களிடம் எதைச் சொல்லி உள்ளே நுழைகிறார்கள் தெரியுமா? எங்கள் வேதமான மோர்மன் புத்தகம் உங்கள் மூதாதையர்களின் கதை என்று. அமெரிக்கப் பழங்குடிகளின் முக்கிய முன்னோர்கள் அந்தக் கதையில் வரும் மக்களே என்று அதன் முன்னுரையில் இருந்த வரியை, முன்னோர்களில் அவர்களும் உண்டு என்று 2006-07 வாக்கில்தான் நைசாக மாற்றினார்கள். மரபணு ஆராய்ச்சி ஒத்துப்போகவில்லை. ஆங்கில வகுப்பு இலவசம் என்று பலகை வைப்பதும் இந்த அபார்ட்மென்டுகளைப் பார்த்துத்தான். தண்ணீர் கொடுங்கள், கதவைச் சாத்துங்கள்.

கோவைக்காரன்:

மறுக்க மாட்டேன் நண்பரே. அந்த மூதாதையர் வரியை ஃபாரில் எத்தனையோ வீட்டில் நானே சொல்லியிருக்கிறேன், கேட்டவர்கள் கண் கலங்கியதையும் பார்த்திருக்கிறேன். இன்றைக்குச் சொல்ல மாட்டேன். சபைக்குப் போவதையும் நிறுத்தி நாலு வருடம் ஆகிறது, அது வேறு கதை, வீட்டில் இன்னும் சண்டை. ஆங்கில வகுப்பு விஷயத்தில் மட்டும் உங்களோடு ஒத்துப்போக மாட்டேன், நான் எடுத்த வகுப்பில் படித்த பலர் சபைப் பக்கமே எட்டிப்பார்க்கவில்லை, யாரும் அவர்களைத் துரத்தவும் இல்லை. அக்கா கேட்டது ஒரு பையனுக்குச் சோறு போடலாமா என்று. போடலாம்.

மேசாவாசி:

எல்லாருக்கும் நன்றி. சனிக்கிழமை வந்தார்கள், கணவர் வீட்டில் இருந்தார், இந்த முறை செருப்பைக்கூட... அதாவது ஷூவைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து உட்கார்ந்தார்கள். எலுமிச்சைச் சாதம், உருளைக்கிழங்கு வறுவல், அப்பளம். முதலில் சுக்குமல்லிக் காபி போடலாம் என்றுதான் நினைத்தேன், அப்புறம் அதில் காபியே இல்லை, பெயரில் மட்டும்தான் காபி என்று அந்தப் பிள்ளைகளுக்கு விளக்கி முடிப்பதற்குள் பொழுது போய்விடும் என்று நீர்மோர் கலக்கினேன். இவர் அதைப் பார்த்ததும் "மோர் குடித்தால்தானே மோர்மன்" என்றார். தமிழில் சொன்னதால் பிழைத்தோம். சின்னவன் மூன்று டம்ளர் குடித்தான், மிதந்த கறிவேப்பிலையையும் மென்று விழுங்கிவிட்டான், எடுத்துப்போட வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை போல.

பிரசங்கம் எதுவும் இல்லை. ஐடஹோவில் அப்பாவின் உருளைக்கிழங்குத் தோட்டம் பற்றிப் பேசினான், வறுவலில் என்ன பொடி போட்டீர்கள் என்று கேட்டு எழுதிக்கொண்டான். கோவைக்காரர் எழுதிய நீ, நீங்கள் விஷயத்தை நான் எடுத்துச் சொன்னேன், தமிழிலும் அப்படியா என்று ஆச்சரியப்பட்டு 'நீங்கள்' என்பதைப் பத்துத் தடவை சொல்லிப் பார்த்தான். ஒருமுறை சூடு கண்ட பூனை இல்லையா, கிளம்பும்போது எங்கள் நாலு வயது மகளுக்கு முன்னால் குனிந்து "நீங்கள் எப்படி இருக்கிறீர்கள்" என்று தப்பில்லாமல் கேட்டான். அவள் திரும்பி, பின்னால் யார் நிற்கிறார்கள் என்று பார்த்தாள்.