புயலுக்கு முன்னம் தகரக் கூரையும் கானும்

கேள்வி: திருகோணமலை உப்புவெளியில் தகரக் கூரை வீடு. முற்றத்துக் கான் (மழைத்தண்ணி ஓடுற வடிகால்) மணலால தூர்ந்து கிடக்கு. மாரிக்கு முன்னம் எதைச் செய்யவேணும்?

பதில் 1: முதல்ல தாவாரம், அதாவது கூரையின்ர வெளி ஓரம். 2020 டிசம்பர் 2 இரவு புரெவிப் புயல் திரியாய், குச்சவெளிப் பக்கம் கரையேறினது. அப்பிடியான காற்று ஓரத்துக்குக் கீழால புகுந்துதான் தகரத்தைக் கிளப்பும். ஓரத்தில தகரத்தின்ர ஒவ்வொரு மேட்டிலும் ஆணி வேணும். நடுவில ஒன்று விட்டு ஒன்று. ரப்பர் வாசர் வெடிச்சிருந்தா மாத்துங்கோ. கூட இறுக்கினா வாசர் பிதுங்கி ஒழுகும்.

பதில் 2: அண்ணை சொன்னது சரி. ஆனா கூரையைத் தாங்கிற வளை மரத்தைச் சுவரோட கட்டாட்டி முழுக் கூரையும் ஒண்டாப் போகும்.

கானைக் கீழ்முனையிலயிருந்து வெட்டுங்கோ. அள்ளின மணலைக் கரையில குவிச்சா முதல் மழைக்கே திரும்ப உள்ள. அதை உரப்பையில அரைவாசிக்குக் கொஞ்சம் கூடப் போட்டு, வாசல்ல செங்கல் மாதிரி அடுக்குங்கோ. நிறைச்சுக் கட்டின பை உருளும், இடைவெளி விடும்.

பதில் 3: காற்று திடீரெண்டு நின்றா வெளிய போகாதேங்கோ, புயலின்ர கண், அதாவது நடுவில இருக்கிற அமைதியான பகுதி, கடக்குதெண்டா எதிர்ப்பக்கத்தால திரும்ப அடிக்கும். அவசரத்துக்கு அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின்ர 117க்கு அடியுங்கோ.