பரணில் கிடக்கும் பழைய மின்சாதனங்களை எப்படி அப்புறப்படுத்துவது?

கேள்வி:
பரணைச் சுத்தம் செய்தபோது, படக்குழாய் வைத்த பெரிய தொலைக்காட்சிப் பெட்டி ஒன்றும், இயங்காத மடிக்கணினி ஒன்றும், மூன்று பழைய செல்பேசிகளும், எதற்குரியவை என்றே தெரியாத சார்ஜர்கள் ஒரு மூட்டையும் கிடைத்தன. செல்பேசிகளில் ஒன்றின் பின்மூடி உப்பியிருக்கிறது. எல்லாவற்றையும் பழைய இரும்பு வாங்குபவரிடம் எடைக்குப் போட்டுவிடலாம் என்கிறார்கள் வீட்டில். மடிக்கணினியில் குடும்பப் படங்களும் வங்கி ஆவணங்களும் இருப்பதால் எனக்குத் தயக்கமாக இருக்கிறது. விவரம் அறிந்தவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

மறுமொழி 1:
மற்றவை காத்திருக்கும், உப்பிய செல்பேசியை இன்றே தனியாக எடுத்து வையுங்கள். அதிலுள்ள லித்தியம் அயனி பேட்டரிக்குள் வாயு சேர்ந்திருக்கிறது. அதற்குச் சார்ஜ் ஏற்றவோ, மூடியை அழுத்திச் சரிசெய்யவோ, குத்தித் திறக்கவோ கூடாது. தீப்பற்றக்கூடிய பொருள்கள் அருகில் இல்லாத, வெயில் படாத இடத்தில் வைத்திருந்து, மின்கழிவு சேகரிக்கும் இடத்தில் ஒப்படைக்கும்போது பேட்டரி உப்பியிருப்பதை வாய்விட்டுச் சொல்லுங்கள். குப்பையோடு போனால், வண்டியில் நசுங்கித் தீப்பிடிக்கும் அபாயம் உண்டு.

மறுமொழி 2:
எடைக்குப் போடுவதில் எனக்கு உடன்பாடு இல்லை. படக்குழாயின் பின்பக்கக் கூம்பிலுள்ள கண்ணாடியில் ஈயம் கலந்திருக்கிறது. உள்ளே வெற்றிடம் என்பதால் உடைத்தால் சில்லுகள் தெறிக்கும். ஆனால் எடைக்கு வாங்குபவருக்கு அதில் காசாவது பெரும்பாலும் செம்புச் சுருளும் கம்பிகளும்தான், கண்ணாடி எங்கேனும் கொட்டப்படும். செம்புக்காகக் கம்பியை எரிக்கும் வழக்கமும் உண்டு. அப்போது பிவிசி உறையிலிருந்து டையாக்சின் போன்ற நச்சுகள் வெளிவருகின்றன. (பிழைப்புக்காகச் செய்பவரை நான் குறை கூறவில்லை, அந்தப் புகையை முதலில் சுவாசிப்பவர் அவர்தான்.) 2022ஆம் ஆண்டில் உலகில் உருவான மின்கழிவு ஏறத்தாழ 6.2 கோடி டன் என்றும், அதில் 22.3 விழுக்காடு மட்டுமே முறையாகச் சேகரித்து மறுசுழற்சி செய்யப்பட்டதற்குப் பதிவு இருக்கிறது என்றும் ஐ.நா. அமைப்புகளின் அறிக்கை கூறுகிறது. ஆகவே உரிமம் பெற்ற மறுசுழற்சியாளரா என்று விசாரித்து, படக்குழாயை எங்கே அனுப்புவார் என்றும் கேளுங்கள். நேரான பதில் வராவிட்டால் வேறொருவரைத் தேடுவது நல்லது.

மறுமொழி 3:
மடிக்கணினி இயங்காவிட்டாலும் அதன் ஹார்டு டிஸ்க் நன்றாகவே இருக்கக்கூடும். அதைக் கழற்றி, யுஎஸ்பி இணைப்பான் வழியாக வேறொரு கணினியில் பொருத்தி, முதலில் படங்களை நகலெடுத்துக்கொள்ளுங்கள். கோப்புகளை வெறுமனே அழிப்பதால் தரவு போய்விடாது, பெயர்ப்பட்டியல்தான் நீங்கும். எனவே வட்டு முழுவதையும் மேலெழுதும், அதாவது பழைய தரவின்மேல் வேறு தரவை எழுதி மறைக்கும், மென்பொருளைப் பயன்படுத்த வேண்டும். உள்ளே இருப்பது சுழலும் வட்டுக்குப் பதிலாகச் சிப்களில் தரவைச் சேமிக்கும் எஸ்எஸ்டி என்றால் மேலெழுதுவதை முழுமையாக நம்ப முடியாது என்பதால், தயாரிப்பாளர் தரும் அழிப்புக் கருவியே ஏற்றது. நல்ல நிலையிலுள்ள செல்பேசிகளில் கணக்குகளிலிருந்து வெளியேறி, ஆலை நிலைக்கு மீட்டமைத்து (ஃபேக்டரி ரீசெட்), சிம்மையும் நினைவக அட்டையையும் எடுத்துவிடுங்கள்.

கேள்வி கேட்டவர்:
மூவருக்கும் நன்றி. சார்ஜர் மூட்டையைப் பிரித்தபோது மடிக்கணினிக்கு உரியது கிடைத்தது. நாங்கள் இதுவரை செருகிப் பார்த்தது வேறொன்று. சரியானதைச் செருகியதும் திரை ஒளிர்ந்துவிட்டது. படங்களை நகலெடுத்துக்கொண்டிருக்கிறேன், மடிக்கணினியை இப்போதைக்குப் பட்டியலிலிருந்து நீக்கிவிட்டேன்.