வசூல் லிஸ்ட்டைத் தூக்கிக்கொண்டு போக மனமில்லை, வேறு வழி உண்டா?

காத்ர்போர்ன் டீச்சர்:
எல்லாருக்கும் வணக்கம். நான் மொரீஷியஸில் ஓர் அரசுத் தொடக்கப் பள்ளியில் தமிழ் டீச்சர். இரண்டு வருஷம் முன்பு என் வீட்டுக்காரருக்குப் பக்கவாதம் வந்தது. அரசு ஆஸ்பத்திரியில் வைத்தியம் இலவசம். காசு கரைந்ததெல்லாம் மற்றதில்தான்: பிசியோதெரபிக்கு வாரம் மூன்று தரம் டாக்சி, டயப்பர், நான் பள்ளியில் இருக்கும் நேரம் அவரைப் பார்த்துக்கொள்ள ஓர் அம்மா. லாரி ஓட்டிய அவர் சம்பளமும் நின்றுவிட்டது.

அப்போது ஸ்டாஃப் ரூமில் ஒரு லிஸ்ட் சுற்றியது. பெயர், எதிரே தொகை, கையெழுத்து. மொத்தம் 14,300 ரூபாய். அது எங்களைத் தாங்கியது, நன்றி மறக்கவில்லை. ஆனால் பணத்தோடு அந்தத் தாளையும் என் கையில் கொடுத்தார்கள். யார் 1,000 எழுதினார், யார் 50 எழுதினார், யார் எழுதவே இல்லை என்பது வரை எனக்குத் தெரியும். அடுத்த தைப்பூசத்துக்குத் தங்கச்சி எடுத்துக் கொடுத்த புடவையில் கோவிலுக்குப் போனேன். அங்கே கூட வேலை செய்யும் ஒருவர், "பரவாயில்லையே, கஷ்டமெல்லாம் தீர்ந்துபோச்சா?" என்றார். சிரித்து வைத்தேன். அந்தப் புடவையை அப்புறம் கட்டவில்லை.

இப்போது எங்கள் பள்ளியில் கூட்டிப் பெருக்கும் அக்காவின் வீட்டில் மழைத் தண்ணீர் புகுந்து மெத்தை, ஃபிரிட்ஜ் எல்லாம் போயிற்று. போர்ட் லூயிஸ் பக்கம் வீடு, 2024 ஜனவரி பெலால் புயலில் ஒரு தரம் மூழ்கியதுதான். ஹெட்மாஸ்டர் லிஸ்ட்டை என்னிடம் நீட்டி, "உங்களுக்குத்தான் கஷ்டம் தெரியும்" என்றார். தெரிவதால்தான் இரண்டு நாளாக அது கைப்பையிலேயே கிடக்கிறது. அரசு வேலையில் இருப்பவர்கள் கூச்சப்படாமல் கேட்க ஏதாவது அமைப்பு உண்டா?

ரிட்டயர்டு கிளார்க்:
தங்கச்சி, கணக்குப் பிரிவில் 32 வருஷம் இருந்தவன் சொல்கிறேன். நம் நாட்டில் அரசு ஊழியருக்கென்று மியூச்சுவல் எய்ட் என்று ஒரு சங்கம் இருக்கிறது, 1885-இல் தொடங்கியது. ஆனால் அது கடன் கொடுக்கும் இடம். கூரை போட நானே வாங்கி ஒழுங்காக அடைத்தேன். சம்பளம் நிற்காதவனுக்கு அது சரி. வீடு மூழ்கியவளிடம் போய்க் கடன் வாங்கு என்று சொல்ல எனக்கு வாய் வராது.

ரோஸ் ஹில் மீனா:
அக்கா, என் அண்ணி லண்டனில் அரசு அலுவலகத்தில் வேலை. அங்கே சேரிட்டி ஃபார் சிவில் சர்வன்ட்ஸ் என்று ஒன்று, 1886-இல் ஆரம்பித்தது. ஐயா சொன்னதற்கு ஒரு வயது இளையது! வேலையில் இருப்பவர், விட்டுப் போனவர், ஓய்வு பெற்றவர் யாரும் கேட்கலாம். இஷ்டப்பட்டவர்கள் மாதாமாதம் சம்பளத்திலிருந்தே கொஞ்சம் போகும்படி எழுதிக் கொடுக்கிறார்கள். அண்ணன் தவறிய வருஷம் அண்ணியே கேட்டார். வரவு செலவைக் காட்டச் சொன்னார்களாம். ஆபீஸுக்கு ஒரு வார்த்தை போகவில்லை. பணம் மட்டும் என்றில்லை, கடனில் மாட்டியவர்களுக்கு ஆலோசனையும், வீட்டில் நோயாளியை வைத்துப் பார்ப்பவர்களுக்குத் துணையும் உண்டு. "குடுத்தவங்க மூஞ்சி தெரியாது, அதனாலதான் வாங்க முடிஞ்சுது" என்று அண்ணி சொன்னார். உங்கள் புடவைக் கதையைப் படித்ததும் அதுதான் ஞாபகம் வந்தது.

வாக்வா மாமா:
லண்டனில் மூஞ்சி தெரியாது, சரி. இந்தத் தீவில் அப்படி ஒரு நிதி ஆரம்பித்தால்? பொருளாளர் யாருக்காவது சித்தப்பா மகனாக இருப்பார். 1978 சட்டப்படி சங்கம் என்று பதிவு செய்யலாம், கணக்கு ஒப்படைக்கலாம், அதெல்லாம் பேப்பர் வேலை. வாயை எந்தச் சட்டத்தால் மூடுவது? இருக்கட்டும், கூட்டிப் பெருக்கும் அந்தப் பொண்ணு அரசுச் சம்பளமா, கான்ட்ராக்டர் ஆளா?

காத்ர்போர்ன் டீச்சர்:
கான்ட்ராக்டர் ஆள்தான் மாமா. நீங்கள் கேட்கும் வரை எனக்கு அது உறைக்கவே இல்லை. ஏழு வருஷமாக என் வகுப்பைப் பெருக்குகிறவர். அரசு ஊழியருக்கென்று நாளைக்கு எந்த நிதி வந்தாலும் அவர் பெயர் அதில் ஏறாது.

ரிட்டயர்டு கிளார்க்:
அப்படியானால் வசூல்தான் கதி. தாளை மட்டும் எடுத்துவிடு. எங்கள் செக்ஷனில் ஒட்டிய கவர்தான் வைத்திருந்தோம், பெயர் எழுதினால் அதிகாரி திட்டுவார்.

காத்ர்போர்ன் டீச்சர்:
லிஸ்ட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். ஹெட்மாஸ்டர் முகம் சுருங்கியது, போகட்டும். ஒரே அளவில் 30 வெள்ளைக் கவர் வாங்கி ஆளுக்கொன்று கொடுத்தேன், எனக்கும் ஒன்று. டீ மேசையில் பிஸ்கட் டின் ஒன்றை ஓட்டை போட்டு, மூடியை டேப்பால் சுற்றி வைத்திருக்கிறேன். எல்லாரும் கவர் போட வேண்டும், முடியாதவர் வெறும் கவரை ஒட்டிப் போடலாம் என்று சொல்லிவிட்டேன். வெள்ளிக்கிழமை டின்னை அப்படியே அவர் வீட்டில் கொடுத்துவிட்டு வந்துவிடுவேன்.