வீட்டுப் பெரியவர்களின் அறுவை சிகிச்சை: மருத்துவமனையில் நீங்கள் பார்த்தது என்ன?

மதுரைக்காரன்:
அம்மாவுக்கு 78 வயது. குளியலறையில் வழுக்கி விழுந்ததில் இடுப்பெலும்பு முறிந்தது. சர்க்கரை, எக்கோ (இதய ஸ்கேன்) எல்லாம் சரி என்று மயக்க மருத்துவர் சம்மதித்தார். அறுவை சிகிச்சையும் நல்லபடியாக முடிந்தது. மறுநாள் பொழுது சாய்ந்ததும் ஆளே மாறிவிட்டார். சிறுநீர்க் குழாயைப் பிடுங்கினார். எப்போதோ இறந்துபோன மாமாவைக் கூப்பிட்டு, காளையை அவிழ்த்துக் கட்டச் சொன்னார். பெரியம்மா திருநீறு எடுக்கப் போய்விட்டார். இரவுப் பணி மருத்துவர் இதை டெலிரியம், அதாவது திடீர் மனக்குழப்பம் என்றார். வலி, தூக்கமின்மை, மலச்சிக்கல், மருந்துகள் எல்லாம் சேர்ந்து மூளையைக் குழப்பும் என்றார். ஐ.சி.யூ.வுக்குள் போகும்போது கண்ணாடி, பல்செட், காது கேட்கும் கருவி மூன்றையும் பையில் போட்டு எங்களிடம் கொடுத்திருந்தார்கள். கண்ணும் காதும் இல்லாமல் அந்த வெளிச்சத்தில் யாருக்குத்தான் புத்தி கலங்காது? அவற்றை மாட்டிவிட்டு, பகலில் ஜன்னல் பக்கம் உட்கார வைத்த பிறகே மெல்லத் தெளிந்தார்.

ஓய்வுபெற்ற செவிலி:
தம்பி, உங்கள் அம்மா கத்தினார், அதனால் கவனித்தார்கள். சுருண்டு படுத்திருக்கும் தாத்தாவை வார்டே மெச்சும், "தொந்தரவே இல்லாத மனிதர்" என்று. எனக்கு அவரிடம்தான் பயம். அதுவும் டெலிரியமாக இருக்கலாம். அரை மயக்கத்தில் இருப்பவர் வாயில் உறவினர்கள் பாசத்தோடு கஞ்சியை ஊற்றுவார்கள். அது நுரையீரலுக்குப் போய் நிமோனியா வரும். புரளாமல் கிடந்தால் படுக்கைப்புண் வேறு.

இதற்கெல்லாம் எளிதில் ஆளாக்குவது நலிவு, அதாவது வயதான உடம்பு தாங்கும் சக்தியை இழந்து தளர்ந்திருப்பது. அது ரத்தப் பரிசோதனைச் சீட்டில் தெரியாது. அமெரிக்க முதியோர் நல மருத்துவர் லிண்டா ஃப்ரீட் குழுவினர் 2001-இல் ஐந்து அடையாளங்களைச் சொன்னார்கள்: காரணமில்லாத எடைக்குறைவு, சோர்வு, கைப்பிடித் தளர்வு, மந்தமான நடை, நடமாட்டக் குறைவு. மூன்று இருந்தால் நலிவு. புடவைக்கு ஊக்கு குத்த முடியாத கை, ரவிக்கை தொளதொளத்த தோள் என்று வீட்டில் இருப்பவர்களுக்கு இது முன்பே கண்ணில் பட்டிருக்கும். மருத்துவர் கேட்காவிட்டாலும் நீங்களாகச் சொல்லுங்கள்.

குடந்தை வாசகி:
செவிலி அக்கா சொல்லும் நலிவை எங்கள் மருத்துவமனையில் அவர்களாகவே சோதித்தார்கள். அப்பாவுக்குக் குடலிறக்கம், அவசரம் இல்லை. நாற்காலியிலிருந்து எழுந்து, மூன்று மீட்டர் நடந்து, திரும்பி வந்து உட்காரச் சொன்னார்கள். "பெண் பார்க்க வந்தவர்கள்கூட இப்படி நடக்கவிட்டுப் பார்த்ததில்லை" என்று அப்பாவுக்கு ஒரே கோபம். நடை மந்தம், எடையும் குறைவு என்று சிகிச்சையைத் தள்ளிவைத்தார்கள். முட்டை, சுண்டல், மாலை நடை, மூச்சுப் பயிற்சிக்கு, உறிஞ்சினால் பந்து மேலேறும் அந்த மூன்று பந்துக் கருவி. முட்டைக்கு மட்டும் பெரிய போராட்டம்; சைவ வீடு, அம்மா தனிச் சட்டி வாங்கினார்.

சிகிச்சை முடிந்த மறுநாளே எழுந்து நடந்தார், குழப்பமும் இல்லை. ஆனால் தையலில் சீழ் பிடித்ததால் மீண்டும் சேர்க்க வேண்டியிருந்தது. அந்த பில்லைப் பார்த்து அப்பா சொன்னதை இங்கே எழுத முடியாது.