மகன் மார்ஃபின் வேண்டாம் என்கிறார், அப்பா வலியில் துடிக்கிறார். நான் என்ன செய்ய?

வார்டுசிஸ்டர்:
தனியார் ஆஸ்பத்திரியில ஆண்கள் வார்டு ஸ்டாஃப் நர்ஸ் நான். 68 வயசு ஐயா ஒருத்தர். கணையப் புற்றுநோய், ஈரலுக்கும் பரவிடுச்சு. டாக்டர் 10 மில்லிகிராம் மார்ஃபின் மாத்திரையில பாதி, நாலு மணி நேரத்துக்கு ஒரு தடவைன்னு எழுதியிருக்கார். மகன் விடமாட்டேங்கறார். "அது போதை மருந்து, அப்பா அடிமையாயிடுவார். பாராசிட்டமால் கொடுத்துட்டு சார்ட்டுல மார்ஃபின்னு எழுதிடுங்க சிஸ்டர்"ங்கறார். ஐயாவோ நல்ல தெளிவா இருக்கார். ராத்திரி முழங்காலை வயித்தோட மடக்கி, கட்டில் கம்பியை இறுக்கிப் பிடிச்சுக்கிட்டு, "ஏதாச்சும் குடும்மா"ன்னு கெஞ்சறார். வலி பத்துக்கு எத்தனைன்னு கேட்டா ஒன்பதுங்கறார். பில் கட்டறது மகன். யார் பேச்சைக் கேக்கறது?

வலிநிவாரணஅக்கா:
தங்கச்சி, முதல்ல ஒண்ணு. கொடுக்காத மருந்தைக் கொடுத்ததா எழுதவே எழுதாதே. காலையில ரவுண்ட்ஸ் வர்ற டாக்டர் சார்ட்டைப் பார்த்து, "இவ்வளவு கொடுத்தும் வலி குறையலையே"ன்னு டோஸை ஏத்துவார். அடுத்த ஷிஃப்ட் பொண்ணு அந்தப் பெரிய டோஸை நிஜமாவே கொடுத்துடுவா. மார்ஃபினே பார்க்காத உடம்பு அது. அங்கதான் உயிருக்கு ஆபத்து.

ரெண்டாவது, ஐயா சுயநினைவோட இருக்கற வரைக்கும் சம்மதம் அவரோடது. 2008ல சமீரா கோலி வழக்குல உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாச் சொல்லியிருக்கு. மயக்கத்துல இருந்த பொண்ணுக்கு, அவசரம் இல்லாத நிலையில, அம்மா கொடுத்த சம்மதம் செல்லாதுன்னு தீர்ப்பு. மகனுக்கும் அதே கதைதான்.

ஆனா மகனை எதிரியா பார்க்காதே. மார்ஃபின்னா கடைசி மூச்சுன்னு நம்ம ஊர்ல ஊறிப்போன பயம். புற்றுநோய் வலிக்கு டாக்டர் கண்காணிப்புல அளவாக் கொடுக்கும்போது அடிமையாகறது அபூர்வம்னு உக்காந்து சொல்லு. உலக சுகாதார நிறுவனம் 1986லயே கடும் வலிக்கு மார்ஃபினைத்தான் சொல்லுச்சு. 2014ல நம்ம போதைப்பொருள் சட்டத்தைத் திருத்தினதே இந்த மாதிரி நோயாளிகளுக்கு மருந்து சுலபமாக் கிடைக்கணும்னுதான்.

மலச்சிக்கல் கண்டிப்பா வரும். மலமிளக்கி எழுதியிருக்காங்களான்னு பாரு.

மதுரைக்காரன்:
சட்டம் எல்லாம் சரிதான் அக்கா. மேனேஜ்மென்ட்ல மகன் புகார் கொடுத்தா இந்தப் பொண்ணு வேலைதானே போகும்? நம்ம வீடுகள்ல குடும்பம்தான் முடிவெடுக்குது.

வலிநிவாரணஅக்கா:
நியாயமான பயம் தம்பி. அதனாலதான் தனியா நிக்கக்கூடாது. இன்சார்ஜ் சிஸ்டர்கிட்ட சொல்லி, ஐயா கேட்டதை அவர் வார்த்தையிலயே, நேரம் போட்டு, நர்ஸஸ் நோட்ஸ்ல எழுதணும். டாக்டர் மகனையும் வச்சுக்கிட்டு ஐயாகிட்டயே நேரடியாக் கேக்கணும். குடும்பம் பேசலாம், பேசணும். வலி மட்டும் குடும்பத்துக்கு இல்ல, அவருக்குத்தான்.

வார்டுசிஸ்டர்:
நன்றி அக்கா. டூட்டி டாக்டர் வந்து ஐயாகிட்டயே கேட்டுட்டார், "குடுங்க"ன்னார். முதல் டோஸ் போயாச்சு. மலமிளக்கி இல்ல, கேட்டு எழுத வச்சேன். மகன் இன்னும் முகம் கொடுத்துப் பேசலை. ஒரு சந்தேகம், மூச்சு குறையுதான்னு எதை வச்சுப் பார்க்கறது?

வலிநிவாரணஅக்கா:
மூச்சு குறையறதுக்கு முன்னாடி அதிகத் தூக்கக் கலக்கம் வரும். எழுப்பினா கண் திறந்து பதில் சொல்றாரான்னு பாரு. தூங்கினாலும் எழுப்பினா பேசறார்னா பெரும்பாலும் வலி விட்ட தூக்கம்தான். எழுப்பியும் எழலைன்னாலோ, மூச்சு நிமிஷத்துக்கு எட்டுக்குக் கீழ போனாலோ அடுத்த டோஸை நிறுத்திட்டு உடனே டாக்டரைக் கூப்பிடு. மார்ஃபினை முறிக்கிற மருந்து நாலாக்சோன், அது எமர்ஜென்சி டிரேல இருக்கான்னு இப்பவே போய்ப் பார்த்துடு. சிறுநீர் குறைஞ்சாலும் சொல்லணும், கிட்னி சரியில்லன்னா மருந்து உடம்புலயே தங்கும். மகன்கிட்ட நாளைக்கு மறுபடி பேசு.