புதுப்பிப்பு: குதிரையின் பின்னங்கால் ஒருவழியாக வந்துவிட்டது

குதிரை வரையப் பழகுகிறேன், பின்னங்கால் மட்டும் மேசைக்கால் மாதிரி விறைத்து நிற்கிறது, என்ன செய்யலாம் என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

கைகொடுத்தது, எலும்புக்கூட்டைப் பார்க்கச் சொன்னவரின் யோசனைதான். பின்னங்காலின் நடுவே பின்பக்கம் துருத்திக்கொண்டு தெரிவது முழங்கால் இல்லை, கணுக்கால். நிஜ முழங்கால் மேலே, வயிற்றை ஒட்டி இருக்கிறது. இடுப்பு, முழங்கால், கணுக்கால் மூன்றுக்கும் புள்ளி வைத்துக் கோடு இழுத்தால் அந்த வளைவு தானாக விழுகிறது. கணுக்காலுக்குக் கீழே சதையே போடாதீர்கள். அங்கே எலும்பும் தசைநாணும்தான். முன்னங்காலில் முழங்கால் போலத் தெரிவது நம் மணிக்கட்டுக்குச் சமம்.

மார்பிலிருந்து பிட்டம் வரை குதிரைத் தலையின் நீளத்தைப் போல சுமார் இரண்டரை மடங்கு என்ற கணக்கும் சரியாக வந்தது. உடலை முதலில் வட்டம் வட்டமாகப் போட்டு வரையும் முறை எனக்கு ஒத்துவரவில்லை.

எதிர்பாராத ஒன்று: ஓடும் குதிரையை வரைவதற்காக, புகைப்படக்காரர் மைபிரிட்ஜ் 1878இல் எடுத்த குதிரைப் படங்களைப் பார்த்தேன். நான்கு காலும் தரையை விட்டு எழும்பும் நொடியில் அவை முன்னும் பின்னும் நீண்டிருக்கவில்லை, வயிற்றுக்கடியில் மடங்கியிருக்கின்றன. கால்களை நீட்டிக் காட்டும் பழைய ஓவியங்களைப் பார்த்து வரைபவர்கள் கவனியுங்கள். அடுத்து பிடரி மயிர். அதற்குத் தனியாகக் கேட்கிறேன்.